மூடுமுன் கழுவுங்கள்

கடல்தொழில் செய்யும் அன்பான சகோதரரே, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். கரையேற்றிய படகைத் தார்ப்பாயால் போர்த்திவிட்டால் போதுமென்று எண்ணாதிருங்கள். உள்ளே தங்கிய உப்பு ஈரத்தை ஈர்த்து ஆணிகளை அரிக்கும். காற்றின்றி அடைபட்ட மரத்தில் பூஞ்சை படரும். ஆகையால் முதலாவது நன்னீரால் கழுவி, உலர்த்துங்கள். அடியில் வடிகால் துளை இருப்பின் அதைத் திறந்து வையுங்கள். நடுவே கழி நிறுத்தி, பாயைக் கூரைபோல் சரித்துக் கட்டி, இருமுனையிலும் காற்றுக்கு வழிவிடுங்கள். 6 சதுர மீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் மழைநீர் தேங்கினால் அதன் பாரம் 600 கிலோ! அலைகளுக்குத் தப்பின படகு, நம் அசதியினால் கரையிலே கெட்டுப்போகலாமோ?