வாத்தியாரம்மாவுக்கு 48 நாள் லீவு!

கடல் நடுவே ஒரு பள்ளிக்கூடம். தொண்டு செய்ய வந்தவர் ஓய்வு எடுக்கலாமா?

"கப்பல் வருகிறது! கப்பல் வருகிறது!"

சின்னப் பையன் ஒருவன் கத்திக்கொண்டே ஓடி வருகிறான். ஊரே கடற்கரைக்குத் திரண்டு விடுகிறது. ஆண்கள் கொப்பரை மூட்டைகளைத் தோளில் தூக்குகிறார்கள். பெண்கள் கிழங்குக் கூடைகளோடு வருகிறார்கள்.

கூட்டத்தின் நடுவே ஒரு வெள்ளைக்காரப் பெண். வயது 24 இருக்கும். முதுகில் ஒரு பை. கண்ணில் ஒரு சந்தோஷம்.

அவள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக லீவில் போகிறாள்.

பையன் அவள் கையைப் பிடித்துக் கொள்கிறான். "டீச்சர், திரும்பி வருவீர்களா?" என்று கேட்கிறான்.

இந்தப் பெண்ணும் பையனும் நாம் கற்பனையில் வரைந்தவர்கள். ஆனால் பையன் கேட்ட கேள்வி கற்பனை அல்ல. தொண்டர் ஆசிரியர்கள் வேலை செய்யும் நாடுகளில் எல்லாம் இந்தக் கேள்வி உண்டு. அதைத்தான் இன்று ஆராயப் போகிறோம்.

எங்கே இருக்கிறது இந்த ஊர்?

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் மகாசமுத்திரத்தில் வனுவாட்டு என்று ஒரு நாடு இருக்கிறது. 80க்கு மேற்பட்ட தீவுகள் சேர்ந்த நாடு. முன்பு இதற்கு நியூ ஹெப்ரிடீஸ் என்று பெயர். பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக ஆண்டன. 1980 ஜூலை 30ந் தேதி சுதந்திரம் அடைந்தது.

2020ல் எடுத்த கணக்குப்படி அங்குள்ள ஜனத்தொகை சுமார் 3 லட்சம். ஆனால் அவர்கள் பேசும் மொழிகளோ 100க்கும் அதிகம்! ஒரு மலைக்கு இந்தப் பக்கம் ஒரு மொழி, அந்தப் பக்கம் இன்னொரு மொழி. ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு "பிஸ்லாமா" என்ற பொது மொழி இருக்கிறது. பள்ளிக்கூடத்திலோ இங்கிலீஷ் அல்லது பிரெஞ்சு. ஆகவே ஒரு குழந்தை பத்து வயதுக்குள் மூன்று மொழிகளோடு போராட வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட தீவுகளுக்குத்தான் 1990 முதல் அமெரிக்கத் தொண்டர்கள் வந்தார்கள். அவர்களில் பலர் ஆசிரியர்கள்.

யார் அனுப்பினார்கள்?

1960 அக்டோபர் 14ந் தேதி. பின்னிரவு இரண்டு மணி. அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையின் வாசல் படியில் நின்று கென்னடி பேசினார். அப்போது அவர் ஜனாதிபதி தேர்தலுக்கு நின்று கொண்டிருந்தார். "ஏழை நாடுகளுக்குப் போய்ச் சில வருஷம் உழைக்க உங்களில் எத்தனை பேர் தயார்?" என்ற கருத்தில் மாணவர்களைக் கேட்டார்.

அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் சமாதானப் படை. கென்னடி ஜனாதிபதி ஆனதும் 1961 மார்ச் 1ந் தேதி அதற்கு உத்தரவு போட்டார். பெயரில்தான் படை. கையில் துப்பாக்கி கிடையாது. சாக்பீசும் மண்வெட்டியும்தான் ஆயுதம்.

அதே வருஷம் ஆகஸ்டு 30ந் தேதி, 51 பேர் ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் போய் இறங்கினார்கள். அத்தனை பேரும் ஆசிரியர்கள். விமான நிலையத்தில் இறங்கியதும் அந்த நாட்டு "துவி" மொழியில் பாட்டுப் பாடினார்கள். வரவேற்க வந்தவர்கள் வியந்து போனார்கள்.

இந்த யோசனை அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தம் அல்ல. பிரிட்டனில் அலெக் டிக்சன் என்பவரும் அவர் மனைவி மோராவும் 1958லேயே இப்படி ஒரு தொண்டர் சங்கத்தைத் தொடங்கி விட்டார்கள். ஜப்பான் 1965ல் தொடங்கியது.

இந்தியாவுக்கும் சமாதானப் படை வந்திருக்கிறது. பிற்காலத்தில் ஜனாதிபதியான கார்ட்டரின் தாயார் லில்லியன், 68 வயதில் தொண்டராகி பம்பாய்க்குப் பக்கத்தில் நர்சு வேலை பார்த்தார். இது நடந்தது 1966ல்.

சம்பளம் இல்லை, லீவு உண்டு

சமாதானப் படைத் தொண்டருக்குச் சம்பளம் கிடையாது. உள்ளூர் ஜனங்களைப் போல் வாழ்வதற்கு வேண்டிய செலவுப் பணம் கொடுப்பார்கள். ஊர் திரும்பும்போது, புதிதாக வாழ்க்கை தொடங்க ஒரு தொகை கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

வேலைக் காலம் மொத்தம் 27 மாதம். முதல் 3 மாதம் பயிற்சி. பிறகு 2 வருஷம் வேலை.

இதில் மாதத்துக்கு 2 நாள் லீவு. 24 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 48 நாள். ஆனால் இஷ்டப்படி எடுத்துவிட முடியாது. பொதுவாக, வேலையின் முதல் 3 மாதத்திலும் கடைசி 3 மாதத்திலும் லீவு இல்லை. ஆசிரியராக இருந்தால் பள்ளிக்கூட விடுமுறையோடு சேர்த்து எடுக்க வேண்டும்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? புதிதாக வந்த உடனே ஊர் சுற்றப் போனால், ஊரார் மனதில் இடம் பிடிக்க முடியாது. போகிற காலத்தில் லீவு எடுத்தால், வேலை பாதியில் நின்று போகும். இரண்டையும் யோசித்துத்தான் விதி செய்திருக்கிறார்கள்.

தனிமை என்னும் வியாதி

"தொண்டு செய்ய வந்தவருக்கு லீவு எதற்கு? உல்லாசமாக ஊர் சுற்றவா வந்தார்?" என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தப் பெண் அங்கே எப்படி வாழ்கிறாள் என்பதையும் பார்க்க வேண்டாமா?

மூங்கில் சுவர், ஓலைக் கூரை. குடிக்க மழைத் தண்ணீர். ராத்திரிக்குச் சூரிய விளக்கு. தாயோடு டெலிபோனில் பேச வேண்டும் என்றால், சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிப் போக வேண்டும்.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. கிழங்கைத் துருவி, தேங்காய்ப் பால் ஊற்றி, இலையில் பொதிந்து, சூடான கல்லில் வேகவைப்பார்கள். அதற்கு "லாப்லாப்" என்று பெயர். ருசியான பலகாரம். ஆனால் பண்டம் எவ்வளவு ருசியாக இருந்தாலும், பிறந்த வீட்டுச் சாப்பாடு நினைவுக்கு வராமல் போகுமா?

ஊர் ஜனங்கள் அன்பானவர்கள். ஒரு குடும்பம் அவளை மகளாகவே ஏற்றுக் கொள்கிறது. ஆனாலும் அவள் எங்கே போகிறாள், என்ன வாங்குகிறாள், யாரோடு பேசுகிறாள் என்பது ஊருக்கே தெரியும். தனியாக இருக்க முடியாது. ஆனால் தனிமையும் போகாது! இந்த இரண்டு கஷ்டமும் ஒரே நேரத்தில் வரும் என்பதை அனுபவித்தவர்கள்தான் அறிவார்கள்.

ஆகவே பத்து நாள் வெளியே போய் வருவது உல்லாசம் மட்டும் அல்ல, மருந்தும்தான். ஒரேயடியாக மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடாமல் இருக்க, நடுவே ஒரு மூச்சு வாங்குவது.

லீவில் என்ன செய்கிறார்கள்?

நம் கற்பனை டீச்சர் கப்பலில் ஏறி லுகன்வில் பட்டணத்துக்குப் போகிறாள் என்று வைத்துக் கொள்வோம். வனுவாட்டுவில் அது இரண்டாவது பெரிய ஊர். முதல் நாள் குழாய்த் தண்ணீரில் ஆசை தீரக் குளிப்பாள். குளிர்ந்த பானம் குடிப்பாள். அம்மாவோடு அலைவெட்டு இல்லாமல் பேசுவாள்.

அங்கே கடலுக்கு அடியில் ஓர் அதிசயம் இருக்கிறது. "பிரசிடெண்ட் கூலிட்ஜ்" என்ற பெரிய கப்பல், இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றி வந்தது. 1942 அக்டோபர் 26ந் தேதி, தன் பக்கத்தார் வைத்த கண்ணிவெடியிலேயே மோதி மூழ்கியது. முக்குளிப்பவர்கள் இன்றும் அதைப் பார்க்க வருகிறார்கள். தன்னா தீவுக்குப் போனால், "யாசூர்" எரிமலை நெருப்புக் கக்குவதைப் பார்க்கலாம்.

இங்கேதான் ஒரு சங்கடம் பிறக்கிறது. அதே பள்ளிக்கூடத்தில், அதே வகுப்பில், உள்ளூர் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் தன் சொந்த நாட்டின் எரிமலையைப் பார்த்திருப்பாரா? கப்பல் கட்டணம் கொடுத்து, ஓட்டலில் தங்க அவருக்கு வசதி உண்டா? தொண்டர் எவ்வளவு எளிமையாக வாழ்ந்தாலும், வேண்டும்போது கிளம்பிவிட அவரால் முடியும். ஊராரால் முடியாது. லீவு வரும்போதுதான் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது.

ஒரு கார்டு செய்த கலகம்

வெளியூரிலிருந்து வந்தவர் என்ன நினைக்கிறார் என்பதில் ஊராருக்கு ரோஷம் உண்டு. அதற்கு ஒரு சரித்திரச் சாட்சி இருக்கிறது.

1961 அக்டோபரில், நைஜீரியாவில் இபாதான் நகரில் சமாதானப் படையினர் பயிற்சி பெற்றுக் கொண்டிருந்தார்கள். அவர்களில் 23 வயதுப் பெண் ஒருத்தி, ஊரில் உள்ள சிநேகிதருக்கு ஒரு தபால் கார்டு எழுதினாள். நைஜீரிய ஜனங்கள் வாழும் நிலையைக் கேவலமாக வர்ணித்திருந்தாள்.

அந்தக் கார்டு தபாலில் சேரவில்லை. மாணவர் ஒருவர் கையில் கிடைத்து விட்டது. பிரதி எடுத்து எங்கும் பரப்பினார்கள். மாணவர்கள் கொதித்து எழுந்தார்கள். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுவிட்டு நாடு திரும்ப நேர்ந்தது.

இன்று கார்டு வேண்டாம். கையில் உள்ள டெலிபோனே போதும். லீவில் எடுத்த படத்தையும், எழுதிய வரியையும் அடுத்த நிமிஷம் ஊராரே பார்த்து விடுவார்கள். லீவில் இருந்தாலும் நாவுக்கு லீவு இல்லை!

ஆபத்தும் உண்டு

தன் ஊரில் இருக்கும்வரை டீச்சருக்கு ஊரே காவல். லீவில் போனால் அவள் யாரோ ஓர் அந்நியப் பெண்.

2007 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் நாட்டில், சமாதானப் படையைச் சேர்ந்த ஒரு பெண்மணி, புகழ்பெற்ற மலைப் படிக்கட்டு வயல்களைப் பார்க்கத் தனியாகப் போனார். திரும்பவில்லை. பத்து நாள் கழித்து உடல் கிடைத்தது. கொலை செய்த ஆளுக்கு அடுத்த வருஷம் நீண்ட சிறைத் தண்டனை விதித்தார்கள்.

அதனால்தான் தொண்டர்கள் ஊரை விட்டுக் கிளம்பும்போது, எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று தலைமைக் காரியாலயத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறார்கள். இளைஞர்களுக்கு இது தொல்லையாகத் தோன்றலாம். பெற்றோருக்குத் தோன்றாது.

பயணமே பெரும் பிரச்சினையான இடமும் உண்டு. பசிபிக்கில் கிரிபாட்டி என்ற தீவு நாட்டில், தீவுக்குத் தீவு போகும் வழி நிச்சயமாக இல்லை என்பதால், 2008ல் சமாதானப் படை வேலையையே நிறுத்திக் கொண்டது. டீச்சரை அனுப்புவது சுலபம். அவசரத்துக்குத் திரும்ப அழைத்து வருவதுதான் கஷ்டம்.

கேட்காமல் வந்த லீவு

2020 மார்ச் மாதம். கொரோனா உலகத்தை உலுக்கியது. மார்ச் 15ந் தேதி சமாதானப் படை ஓர் உத்தரவு போட்டது. "எல்லோரும் நாடு திரும்புங்கள்!"

60க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறக்குறைய 7,000 தொண்டர்கள் கிளம்பினார்கள். படை தொடங்கிய நாள் முதல் இப்படி நடந்ததே இல்லை. வகுப்பில் பாதிப் பாடத்தோடு புத்தகத்தை மூடியவர்கள் உண்டு. பிள்ளைகளிடம் சொல்லிக் கொள்ளாமலே வந்தவர்களும் உண்டு.

சில நாடுகளில் மறுபடியும் தொண்டர்கள் போய்ச் சேர்ந்தது 2022 மார்ச்சில். ஜாம்பியாவும் டொமினிக்கன் குடியரசும் முதலில் வரவேற்றன. நடுவே இரண்டு வருஷம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்புக்குப் போய்விடும் காலம்.

உண்மையான பரீட்சை அப்போதுதான் நடந்தது. வெளிநாட்டு டீச்சரை மட்டும் நம்பி இருந்த வகுப்புக்கு அது பேரிடி. உள்ளூர் ஆசிரியரும் சேர்ந்து பாடம் நடத்திய வகுப்பிலோ, ஒருவர் போனாலும் பாடம் தெரிந்த இன்னொருவர் மிஞ்சினார்.

நல்ல டீச்சருக்கு அடையாளம்

இனி நம் கேள்விக்கு வருவோம். தொண்டர் ஆசிரியர் லீவு எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். களைத்துப் போன டீச்சர் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவார். ஓய்ந்து வந்தவர் சிரித்துக் கொண்டே சொல்லிக் கொடுப்பார். லாபம் பிள்ளைகளுக்குத்தான்.

ஆனால் லீவு ஒரு சோதனையும் ஆகும். அவர் பத்து நாள் இல்லாதபோது வகுப்பு என்ன ஆகிறது? அவர் தொடங்கிய வாசகசாலையின் சாவி யாரிடம் இருக்கிறது? அவர் செய்து வைத்த எழுத்து அட்டைகளை உள்ளூர் ஆசிரியர் எடுத்துப் பயன்படுத்துகிறாரா, அல்லது அவை பெட்டியில் தூங்குகின்றனவா?

எல்லாம் நின்று போனால், அவர் இரண்டு வருஷமும் தனியாக ஓடியிருக்கிறார் என்று அர்த்தம். எல்லாம் நடந்தால், அவர் நல்ல டீச்சர். ஏனென்றால் 27 மாதம் முடிந்ததும் அவர் போகத்தான் போகிறார். அது திரும்பி வராத லீவு. ஒவ்வொரு சின்ன லீவும் அந்தப் பெரிய லீவுக்கு ஒத்திகை!

ஆகவே இப்படிப்பட்ட தொண்டரை அழைக்கும் ஊர்கள் முதலில் கேட்க வேண்டியது, "எத்தனை நாள் இருப்பீர்கள்?" என்பது அல்ல. "நீங்கள் போன பிறகு எங்கள் வாத்தியார் என்ன செய்ய வேண்டும்?" என்பதுதான்.

நம் கற்பனைத் தீவில் பத்து நாள் கழிகிறது. மறுபடியும் கப்பல் வருகிறது. டீச்சர் இறங்குகிறாள். பை நிறையப் பென்சில், நோட்டுப் புத்தகம். பையன் ஓடி வருகிறான்.

"டீச்சர், நீங்கள் இல்லாதபோது ஒரு கதைப் புத்தகம் முழுவதும் படித்து விட்டேன்!"

"யார் சொல்லிக் கொடுத்தார்கள்?"

"நம் ஊர் வாத்தியார்தான்!"

டீச்சரின் முகம் மலர்கிறது. லீவில் பார்த்த எரிமலையும் கடலும் கொடுக்காத சந்தோஷம் அந்த ஒரு வார்த்தையில் கிடைத்து விடுகிறது.