சாமி நெஞ்சுக்குச் சந்தனம், எங்க நெஞ்சுக்கு?

திருத்தணி முருகன் நெஞ்சில் ஒரு பள்ளம் உண்டு. தாரகாசுரன் எறிந்த சக்கரத்தை மார்பில் ஏற்ற தழும்பு என்கிறது தலபுராணம். அதில் சாத்துகிற சந்தனத்தைக் கரைத்துக் குடித்தால் நோய் தீரும் என்று வாங்கிப் போகிறார்கள்.

எங்க பெரியப்பா நெஞ்சிலும் ஒரு ஓட்டை. கல்குவாரியில் இருபது வருஷம் உழைத்தவர். விலாவுக்குள் சீழ் கட்டி, ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு வடித்தார்கள். டியூபை எடுத்து ஏழு மாதமாகியும் ஓட்டை மூடவில்லை. கட்டு மாற்றப் போனால், "குடிச்சினே இருந்தா எப்பிடிய்யா ஆறும்?" என்றார்கள். அவர் குடிக்கிறவர் அல்ல. சேரிக்காரன் உடம்பைக் கண்டதும் வருகிற கேள்வி அது. ஊர்க்காரர்களோ, வேண்டுதல் பாக்கி என்றார்கள்.

ஆறாத புண்ணுக்குக் காரணம் உண்டு, தோழர்களே. உள்ளே சீழ் தங்கியிருக்கலாம். நுரையீரலிலிருந்து காற்று கசியலாம். காசநோய் இருக்கலாம், சர்க்கரை இருக்கலாம். உள்ளே சீழை விட்டுவிட்டு மேல்வாயை மட்டும் மூடவைப்பது ஆபத்து. சீழைச் சோதிக்கணும், ஸ்கேன் எடுக்கணும், நெஞ்சு அறுவை மருத்துவரிடம் அனுப்பணும். இவர்கள் ஏழு மாதமும் பஞ்சைத்தான் மாற்றினார்கள். கடைசியில் சோதித்தபோது காசநோய். கல்தூசு படிந்த நுரையீரலைக் காசநோய் சுலபமாகப் பிடிக்கும் என்பது மருத்துவப் பாடத்திலேயே இருக்கிறது.

மாத்திரை கொடுத்தார்கள். சோறு?

சானடோரியப் படுக்கையும் அங்கத்திய சாப்பாடும் இல்லாமல், வீட்டிலிருந்தே மருந்தால் காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1959இல் சென்னை ஆய்வு உலகத்துக்குக் காட்டியது. ஏழைக்கு நல்ல செய்திதான். ஆனால் அதைச் சாக்காக்கிச் சோற்றை மறந்தார்கள். 2023இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு திருப்பி அடித்தது: நோயாளியின் வீட்டாருக்கு அரிசியும் பருப்பும் கொடுத்தபோது அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

ஒன்றிய அரசு 2018இல் மாதம் 500 ரூபாய் தரத் தொடங்கி, 2024 நவம்பரில் 1000 ஆக்கியது. நாளைக்கு 33 ரூபாய். கூலி போன வீட்டில் அது முட்டைக்கா, கட்டு மாற்றப் போகிற பஸ்ஸுக்கா?

பெரியப்பா சொல்வார்: "சாமி நெஞ்சுல ஓட்டைன்னா சந்தனம் பூசறான் நைனா. நம்ம நெஞ்சுல ஓட்டைன்னா மூக்கப் பொத்திக்கினு போறான்."

நாம் கேட்பது பரிகாரம் அல்ல. முதல் மாதத்திலேயே சோதனை. வயிறு நிறையச் சோறு. கல்தூசு நோய் தொழில்நோய் என்று சட்டமே ஒப்புக்கொண்ட பிறகு, குவாரி முதலாளி தரவேண்டிய நஷ்டஈடு. கற்சிலையின் மார்புக்குக் கிடைக்கிற கவனிப்பு, கல் உடைத்தவன் மார்புக்கும் வேணும்.