வீதியோரத்தில் நின்றவர்கள்

பந்தயங்களின் சரித்திரம் பெரும்பாலும் வென்றவர்களின் சரித்திரமாகவே எழுதப்படுகிறது. இத்தாலியரின் தேசியப் பெருமையாக விளங்கிய 'மில்லே மீலியா' என்னும் ஆயிரம் மைல் மோட்டார்ப் பந்தயத்தின் கதையும் அவ்வாறே சொல்லப்பட்டு வருகிறது. அது பாதிக் கதையே என்பது எமது கருத்து.

இத்தாலியப் பெரும்பந்தயம் தம் நகரை விட்டு மொன்சாவுக்குப் போய்விட்ட குறையைத் தீர்க்க விரும்பிய பிரெஷா நகரத்துப் பிரபுக்கள் இருவரும் அவர்தம் நண்பர் இருவரும் 1927இல் இதனைத் தொடங்கினர். பிரெஷாவிற் புறப்பட்டு, ரோம் நகர் சென்று, மீண்டும் பிரெஷாவை அடைய வேண்டும். தூரம் ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர். இதற்கெனத் தனிப் பாதை கிடையாது. மக்கள் நாள்தோறும் நடமாடும் வீதிகளே பந்தயக் களம். குடியானவனும் அவன் பிள்ளைகளும் காசு கொடாது, தம் ஊரிலேயே நின்று உலகப் பெருஞ் சாரதிகளைக் கண்டனர். இப்பந்தயத்தின் அழகு இதுவே; ஆபத்தும் இதுவே.

முதலாண்டில் வென்ற மினோயாவும் மொராந்தியும் மணிக்குச் சராசரி 77 கிலோமீற்றர் வேகத்திற் சென்றனர். 1930இல் நுவொலாரி நூறைக் கடந்தார். 1955இல் ஆங்கிலேயரான ஸ்டேர்லிங் மொஸ், வளைவுகளையெல்லாம் குறித்த நீண்ட தாட்சுருளை அருகிருந்து வாசித்துச் சைகை காட்டிய பத்திரிகையாளர் ஜென்கின்சனின் துணையுடன், மணிக்கு 157 கிலோமீற்றர் வேகத்தில் பத்து மணி 7 நிமிடம் 48 செக்கனில் ஓடி முடித்தார். இருபத்தெட்டு ஆண்டுகளில் வேகம் இருமடங்காயிற்று. பார்ப்போர் நின்ற இடமோ அதே வீதியோரம்.

எச்சரிக்கை கிடைக்காமலில்லை. 1938இல் பொலோஞா நகரில் ஒரு கார் கூட்டத்துட் பாய்ந்து பத்துப் பேரைக் கொன்றது; அவருள் எழுவர் குழந்தைகள். பந்தயம் தடைசெய்யப்பட்டது. 1940இல் குறுகிய சுற்றுப் பாதையில் நடைபெற்றது. யுத்தம் முடிந்ததும், 1947இல், பாடம் மறக்கப்பட்டது. பழைய வீதிகளிலேயே பந்தயம் மீண்டும் ஓடியது.

1957 மே மாதம், குவிதித்சோலோ என்னும் ஊருக்கருகே ஸ்பானியப் பிரபுவான தே போர்த்தாகோவின் பெராரிக் காரில் டயர் வெடித்தது. அவரும் துணைச் சாரதி நெல்சனும் மாண்டனர். வீதியோரத்தில் நின்ற ஒன்பது பேரும் மாண்டனர். அவருள் ஐவர் குழந்தைகள். அன்று வென்றவர் ஐம்பது வயதான தருஃபி. வென்றால் விலகுவதாக மனைவிக்குக் கொடுத்த வாக்கின்படி அவர் பந்தயத்தையே துறந்தார். மில்லே மீலியா வேகப் பந்தயமும் அத்தோடு முடிந்தது.

மக்கள் தாமாகவே வந்து நின்றனர். அதற்குச் சாரதி பொறுப்பாவானா எனச் சிலர் வினவுவர். சாரதி ஆபத்தை அறிந்து அதனை ஏற்றவன். தந்தையின் கைபிடித்து நின்ற பிள்ளை எதனை அறியும்? வீரம் என்பது தன்னுயிரைப் பணயம் வைப்பது. அயலான் பிள்ளையின் உயிரைப் பணயம் வைப்பதற்கு அப்பெயர் பொருந்தாது. ஆகவே, அத்தடையை ஒரு பெருங்கலையின் மரணமெனப் புலம்புவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. அது காலந்தாழ்ந்து வந்த நீதி.

1977 முதல் பழைய கார்கள் அதே பெயரில், வேகத்திற்கன்றி நேரந் தவறாமைக்கெனப் போட்டியிட்டு வருகின்றன. நுவொலாரியையும் மொஸ்ஸையும் நாம் போற்றுவோம். அவர்தம் திறமை மெய்யானது. ஆயினும், அவர்களைப் பற்றி மாணவருக்குச் சொல்லும்போது, வீதியோரத்தில் நின்ற பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்வோம். அதுவே முழுச் சரித்திரம்.