ஊர்ச்சுவரும் உள்ளூர் வாலிபரும்

சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுதவேண்டும் என்பர் நம்மவர். நம் சிற்றூர்களிற் சுவருக்குக் குறைவில்லை. ஆயின் அவற்றில் எழுதப்படுவன யாவை? தேர்தற் சின்னங்களும் சிமிட்டி விளம்பரங்களுமே. அஞ்செட்டியினின்று ஒகேனக்கல் செல்லும் வழியிலுள்ள நாட்றாம்பாளையம் போன்ற ஊர்களில் ஒரு பொதுச்சுவரையேனும் உள்ளூர் வாலிபரிடம் ஒப்புவித்து, ஊரின் கதையை அவர்களே தீட்டச் செய்தல் வேண்டுமென்பது எமது துணிபு.

தேர்ந்த ஓவியரை வருவித்தாற் போதாதோ எனின், போதாது என்போம். சென்னைக் கண்ணகி நகர், 2000-ஆம் ஆண்டு முதலாகக் குடிசைகளினின்று அகற்றப்பட்டோர் குடியேற்றப்பட்ட இடம். 2020-இல் அங்குள்ள அடுக்குக் குடியிருப்புகளின் சுவர்களில் ஓவியர் பலர் பெருஞ்சித்திரங்கள் தீட்டினர். அவை அழகியவை, இகழப்பட்டதோர் இடத்தைப் பிறர் விரும்பிக் காணச் செய்தவை. எனினும் தூரிகை பெரும்பாலும் வந்தவர் கையிலேயே இருந்தது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நிகழ்ந்தது வேறு. ஜூடித் பாக்கா என்னும் ஓவிய மாது 1976-இல் வெள்ளநீர்க் கால்வாயொன்றின் சுவரில் வேலை தொடங்கினார். 1983-க்குள் ஐந்து கோடைகளில் நானூற்றுக்கு மேற்பட்ட இளைஞர் ஏறத்தாழ 2,754 அடி நீளத்திற்குச் சித்திரம் எழுதி முடித்தனர். குற்றஞ்செய்து பிடிபட்ட சிறாரும் அவருள் இருந்தனர். அவர்கட்கு ஊதியமும் தரப்பட்டது. (தொண்டு என்னும் பெயரால் இளைஞர் உழைப்பை இலவசமாய்ப் பெற விழையும் நம் பெரியோர் இதனை ஊன்றி நோக்குக.) பூர்வகுடிகள், சீனத் தொழிலாளர், இரண்டாம் உலகப்போரில் முகாம்களில் அடைபட்ட ஜப்பானிய வமிசத்தார் எனப் பாடப்புத்தகங்கள் மறந்தோரின் வரலாறு அச்சுவரில் ஏறிற்று. தீட்டுமுன் அதனை அவ்விளைஞர் கேட்டறிய வேண்டியிருந்தது. அதுவே அச்சுவரின் பெரும்பயன் என்க.

நாட்றாம்பாளையத்திற் கேட்டறியப் பொருளில்லையோ? தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப்புறம் அது. கேழ்வரகுக் கொல்லையில் யானைக்காக இரவெல்லாம் விழித்திருத்தலும், காவிரிக்கரைக் காடும், ஓசூர்த் தொழிற்சாலைகளை நாடிப் பிள்ளைகள் புறப்படுதலும் யாருடைய சித்திரத்தில் உள்ளன? ஊரைவிட்டுச் செல்வோன் தன் கையெழுத்தொன்றை அங்கே விட்டுச் சென்றால், மீண்டு வருவதற்கு அஃதொரு காரணமாகாதோ?

கை பழகாதோர் சுவரைக் கெடுப்பர் என்பாரும் உளர். இம்மாவட்டத்து மல்லப்பாடிப் பாறையில் குதிரைமீதமர்ந்து பொருவோரை வெண்ணிறத்தால் தீட்டியவர் எக்கலாசாலையிற் பயின்றார்? சிறு தாளில் வரைந்ததைக் கட்டங்களாய்ப் பகுத்து, சுவரிலும் பெருங்கட்டங்களிட்டு ஒவ்வொன்றாய் நிரப்பினால் பெரும்படமும் கைகூடும். உடனிருந்து வழிகாட்ட ஓர் ஓவியர் போதும். அரிது வேறொன்று: எதனை வரைவது, எத்தெருவினரை விடுவது என்னும் வழக்கு. திருப்பரங்குன்றத்துச் சித்திரங்களைக் கண்டோர் இவர் யாவர் என வினவ, உடன்வந்தோர் விடையிறுத்ததைப் பரிபாடல் கூறும். எம் ஊர்களில் அவ்வினா சுவரில் வர்ணம் படுமுன்னரே எழுதல் நன்று.

ஆகலின் முதற்கண் மழைச்சாரல் படாத சுவரொன்றைத் தேர்ந்து ஊராட்சியாரின் இசைவை எழுத்திற் பெறுக. முதற் கூட்டத்திற்கே பெண்மக்களையும் எல்லாத் தெருவினரையும் அழைக்க. வர்ணம் வாங்குதல் அதன் பின்னர்.