மிமிக்ரி கம்ப்யூட்டர்

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மிமிக்ரி தெரியுமா? தெரியும். நீங்கள் இன்னும் மேடை ஏற்றவில்லை, அவ்வளவுதான்.

கல்யாண ரிசப்ஷனில் ஒருவர் ஒரே தொண்டையை வைத்துக்கொண்டு பத்து நடிகர்களின் குரலைக் கொண்டுவருகிறார் இல்லையா? அதேபோல இன்றைய கம்ப்யூட்டரும் முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய மெஷினாக நடிக்கும். நடிக்கவைக்கும் சாஃப்ட்வேருக்கு எமுலேட்டர் என்று பெயர். பழைய கேம் அதற்குள் கண் விழித்துப் பார்த்து, 'அட, நம்ம பழைய 286!' என்று நம்பி, குஷியாக ஓட ஆரம்பிக்கும்.

"ஏன் ஸார், பழைய கேமை நேரடியாகப் போட்டால் ஓடாதா?" என்று கேட்பீர்கள். ஓடாது. டாஸ் காலத்து கேம்கள் 16 பிட் சரக்கு. 2021-ல் வந்த விண்டோஸ் 11 முழுக்க முழுக்க 64 பிட். வாசலிலேயே நிறுத்தி, 'யாருய்யா நீ?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடும்.

அப்படியே உள்ளே விட்டாலும் வேகம் ஒத்துவராது. 1981-ல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். உலகம் முடியும்வரை இதே வேகம்தான் என்று நினைத்தோ என்னவோ, பலர் அந்த வேகத்துக்குத் தைத்த சட்டை மாதிரி கேம் எழுதிவிட்டார்கள். வேகமான மெஷினில் போட்டால், நீங்கள் கீ போர்டில் கை வைப்பதற்குள் ஹீரோ ஓடிப் போய்க் குழியில் விழுந்து உயிரை விட்டிருப்பார். இதற்காகவே பழைய கம்ப்யூட்டர்களில் 'டர்போ' என்று ஒரு பட்டன் வைத்தார்கள். பெயர்தான் டர்போ. உண்மையான உபயோகம், தேவைப்படும்போது வேகத்தைக் குறைப்பது. வேகத்தடைக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்த கதை!

மெதுவாக இருப்பதும் சில சமயம் அழகு. 1978-ல் ஜப்பானின் டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேமில், எதிரிகளைச் சுடச்சுட மிச்சமிருப்பவர்கள் வேகமாக வருவார்கள். ஆரம்பத்தில் இது யாரும் போட்ட திட்டமில்லை. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் அந்த ஏழை சிப்புக்கு மூச்சு வந்தது, அவ்வளவுதான். விளையாட்டு சூடுபிடிக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார். ஆகவே நல்ல எமுலேட்டர் பழைய மெஷினின் திறமையை மட்டுமல்ல, திணறலையும் சேர்த்தே மிமிக்ரி செய்யவேண்டும்.

சரி, எப்படிச் செய்வது? டாஸ் கேம்களுக்கு 2002 முதல் கிடைக்கும் 'டாஸ்பாக்ஸ்' போதும். இலவசம். இன்ஸ்டால் செய்யுங்கள். சி டிரைவில் 'கேம்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, ஒவ்வொரு கேமையும் அதற்குள் தனித்தனி ஃபோல்டரில் வையுங்கள். டாஸ்பாக்ஸைத் திறந்தால் கறுப்புத் திரையில் 'இசட்' என்று ஒரு டிரைவ் கண் சிமிட்டும். 'மவுண்ட்' என்ற கட்டளையைக் கொடுத்து, இந்த ஃபோல்டர்தான் உன் சி டிரைவ் என்று அதற்குச் சத்தியம் செய்யுங்கள். நம்பிவிடும். பிறகு கேமின் பெயரை அடித்து என்டர் தட்டவேண்டியதுதான். வேகம் அதிகமென்றால் கண்ட்ரோலும் எஃப் 11-ம், போதாதென்றால் கண்ட்ரோலும் எஃப் 12-ம். தினமும் சத்தியம் செய்ய அலுப்பாக இருந்தால், அதே வரிகளை செட்டிங்ஸ் ஃபைலின் கடைசியில் எழுதிவைத்துவிடலாம். பெட்டிக்கடை ஓரத்தில் காசு போட்டு ஆடிய ரகங்களுக்கு 'மேம்' இருக்கிறது. 1997-ல் இத்தாலியின் நிகோலா சால்மோரியா ஆரம்பித்துவைத்தது.

போலீஸ் வருமா? எமுலேட்டருக்கு வராது. பிளேஸ்டேஷன் மாதிரி மிமிக்ரி செய்த ஒரு கம்பெனிமீது சோனி போட்ட வழக்கில், 2000-ல் அமெரிக்க அப்பீல் கோர்ட் மிமிக்ரிக்காரர் பக்கமே பேசியது. ஆனால் கேம் வேறு விஷயம். எத்தனை கிழமானாலும் அதற்குச் சொந்தக்காரர் உண்டு. காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேருக்குப் பாதுகாப்புப் பிரதி எடுத்துக்கொள்ள நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது. 'காசு கொடுத்து' என்ற வார்த்தையைக் கவனிக்கவும். வாங்கலாம் என்றாலும் கடையில் இருக்கவேண்டுமே! 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த கேம்களில் 87 சதவிகிதம் இன்று விற்பனையில் இல்லை என்று 2023-ல் ஓர் ஆய்வு சொன்னது.

நம் ஊர் கம்ப்யூட்டர் சென்டர்களில் ஒரு தலைமுறையையே கட்டிப்போட்ட 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வும் தொலைந்துபோகப் பார்த்ததுதான். ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு, தாவவிட்டு, வீடியோ எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து வரைந்து 1989-ல் வெளியிட்ட கேம். அறுபது நிமிஷத்துக்குள் இளவரசியைக் காப்பாற்றவேண்டும். அதன் மூல புரோகிராம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை. 2012-ல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியைக் குடைந்தபோது ஒரு பெட்டி நிறைய ஃப்ளாப்பிகள் கிடைத்தன. மகனுக்குப் பார்சல் போட்டார்.

இந்தக் கதையை ஆபீஸில் சொன்னேன். பக்கத்து சீட் நண்பர் மறுநாளே ஒரு ஷூ டப்பாவோடு வந்துவிட்டார். உள்ளே பத்து ஃப்ளாப்பி. ஒன்றின்மேல் பால்பாயின்ட் பேனாவில் 'பிரின்ஸ், டேவ் - தொடாதே' என்று பதினேழு வயசுக் கையெழுத்து.

ரிச்சி தெருவில் வாங்கிய யு.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவில் ஒவ்வொன்றாகப் போட்டோம். ஆறு பூஞ்சை பிடித்துப் போயே போச்சு. பிரின்ஸ் பாதியில் மூச்சை நிறுத்தினார். டேவும் வரவில்லை. நண்பர் முகம் வாடிவிட்டது. கடைசி ஃப்ளாப்பியில் கேமே இல்லை, ஒரே ஒரு ஃபைல். நோட்பேடில் திறந்தால், வார்த்தைக்கு வார்த்தை கடைசி எழுத்து கோணல் மாணல்.

எனக்குப் பொறி தட்டியது. வேர்ட்ஸ்டார்! அது பல வார்த்தைகளின் கடைசி எழுத்தோடு 128-ஐக் கூட்டிச் சேமிக்கும் பழக்கமுள்ள ஆசாமி. லேசாக நினைக்காதீர்கள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையை எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின், டாஸில் வேர்ட்ஸ்டார் 4.0-தான் உபயோகிக்கிறேன் என்று 2014-ல் டி.வி. பேட்டியிலேயே சொன்னார். டாஸ்பாக்ஸுக்குள் வேர்ட்ஸ்டாரை எழுப்பி ஃபைலைக் காட்டினேன். கோணலெல்லாம் நிமிர்ந்தது.

1995-ல், நண்பரின் அப்பா தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் அடித்த கடிதம். ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு. மகனுடைய கோர்ஸ் ஃபீஸை மொத்தமாகக் கட்ட முடியவில்லை, மூன்று தவணை தரவேண்டும், ஒவ்வொரு மாதமும் சம்பளம் வாங்கியதும் நானே நேரில் வந்து கட்டுகிறேன், இது என் மகனுக்குத் தெரியவேண்டாம்.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மொத்தமா கட்டிட்டேன்னுதான் ஸார் சொன்னார். அந்த வருஷம் பூரா சைக்கிள்ல ஆபீஸ் போனார். கேட்டா, ஸ்கூட்டர் ரிப்பேர்னார். நான் அந்த சென்டர்ல டேவ் ஆடிட்டிருந்தேன்."

அப்பா இப்போது இல்லை.

பிரின்ட் அவுட் இரண்டு கேட்டார். "ஒண்ணு எனக்கு. ஒண்ணு பையனுக்கு. ஃபீஸ் கட்ட லேட்டாச்சுன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறான்." நான் பிரின்டரை ஆன் செய்வதற்குள் மனசு மாறிவிட்டார். "ஒண்ணு போதும் ஸார். பையனுக்குத் தெரியவேண்டாம்னுதானே அப்பாவே எழுதியிருக்கார்."

ஃப்ளாப்பி தயாரிப்பை சோனி 2011-லேயே நிறுத்திவிட்டது. இருப்பவற்றைப் பூஞ்சை தின்றுகொண்டிருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். ஃப்ளாப்பி கிடைத்தால் கேமைத் தேடுங்கள், தப்பில்லை. ஆனால் கேம் இல்லையே என்று எதையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். முதலில் வேர்ட்ஸ்டாரிடம் காட்டுங்கள்.