சீட்டுச் சேகரமும் புது ஆட்டக்காரரும்



கம்பம் பள்ளத்தாக்கிற் சிறுவர் தெருவிற் பொறுக்கிய தீப்பெட்டிப் படங்களைப் பந்தயமாக வைத்து ஆடியதைப் பெரியோர் அறிவர். இழப்பினும் படமே போம், பணம் போகாது. இன்று நம்மவர் சிலர் விரும்பும் மேஜிக், போக்கிமான் சீட்டுகளோ விலைக்கு வருவன. முன்னதை ரிச்சர்டு கார்ஃபீல்டு என்னும் கணித அறிஞர் வகுக்க, அது 1993-இல் வெளிவந்தது. பின்னது 1996-இல் ஜப்பானில் தோன்றிற்று.

மூடிய உறையினுள் இருப்பது யாதென வாங்குவோன் அறியான். இன்பமும் அதுவே, கண்ணியும் அதுவே. யானும் ஒரு மாதச் சிற்றுண்டிப் பணத்தை உறைகளிற் செலவிட்டேன். ஆடத் தெரியாமையால் அச்சீட்டுகள் பெட்டியிலே கிடந்தன. வீட்டார் வியர்வை சிந்தி அனுப்பிய பணம் அது.

ஆதலின் புதியோர் உறை வாங்கித் தொடங்கலாகாதென்பது என் துணிபு. முதற்கண் நண்பரிடம் இரவல் பெற்று ஆடுக. பின்னர் ஆயத்தமாக விற்கும் கட்டு ஒன்றை மட்டும் வாங்குக. குறைவுபடுஞ் சீட்டைத் தனியே விலைக்கோ மாற்றுக்கோ பெறுக. போக்கிமான் கட்டிற்கு 60 சீட்டுகளே அளவு. அடிப்படை ஆற்றற் சீட்டு நீங்கலாக, ஒரு பெயருடையவை நான்கிற்கு மேற்படலாகாது. ஆகவே ஒரு நற்சீட்டையே அடுக்கி வெல்லச் செல்வனாலும் இயலாது, விதியறிந்தோனுக்கே வழியுண்டு.

நம் தோட்டக்காரர் பந்தலிட்டுத் திராட்சைக் கொடியன்றோ நடுவர்? கடையிற் குலை வாங்கிப் பந்தலிற் கட்டுவாரில்லை. ஆட்டப் பயிற்சியே கொடி. அரிய சீட்டு அதன் குலை.