யார் செய்தியாளர்?

1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், நிருபர், துணையாசிரியர், கேலிச்சித்திரக் கலைஞர் ஆகியோரோடு செய்திப் புகைப்படக்காரரையும் பத்திரிகையாளர் எனப் பெயர் சுட்டியே குறித்தது. ஊதிய நிர்ணயம், பணிக்கொடை முதலிய உரிமைகள் அதன்வழி வந்தவை. ஆயின் அவ்வரையறை, செய்தி நிறுவனத்தில் பணியமர்ந்தவரையே கருத்தில் கொண்டது.

இன்று களத்தில் நிற்போருள் பலர் எந்நிறுவனத்திலும் பணியில் இல்லை. படத்துக்கு இவ்வளவு என்பதே அவர்களுக்குரிய கூலி. கேமராவும் லென்சும் சொந்தச் செலவு. அடிபட்டால் மருத்துவமும் அவ்வாறே.

இதனை வருமானச் சிக்கலாக மட்டும் காண்பது போதாது. புல்வாமாவைச் சேர்ந்த தனிநிலைப் புகைப்படக்காரர் கம்ரான் யூசுஃப் 2017 செப்டம்பரில் கைதானார். மருத்துவமனை, பள்ளிக் கட்டடம், பாலம் ஆகியவற்றின் திறப்புவிழாக்களைப் படமெடுக்காதவர் எவ்வாறு உண்மையான செய்தியாளராவார் என்பது தேசியப் புலனாய்வு முகமை முன்வைத்த வாதங்களுள் ஒன்று. 2018 மார்ச்சில் பிணை கிடைத்தது. 2022 மார்ச்சில்தான் தில்லி நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது.

நியமன ஆணை உள்ளவரிடம் இக்கேள்வியை எழுப்புவது எளிதன்று. ஊதியப் பட்டியலில் இடமில்லாதவரோ தம் தொழிலையே மெய்ப்பிக்க வேண்டியவராகிறார். ஆகவே, படத்தை வெளியிடும் நிறுவனம் அதை எடுத்தவரையும் எழுத்துமூலம் ஏற்க வேண்டும். ஒப்பந்தம், காப்பீடு, அடையாள அட்டை ஆகிய மூன்றும் சலுகைகள் அல்ல. இதழியல் வகுப்பில் ஒளியையும் கோணத்தையும் கற்பிக்கும் நாம், இவற்றைக் கேட்டுப் பெறவும் மாணவர்க்குக் கற்பிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.